தடித்த கோட்டின் பின்னால்

சவாகோ உனோவுக்குத் தலைக்கனம் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. தவளை முட்டையிலிருந்து எடுத்த சாற்றில் ஆறு வருடமாகக் கை நனைத்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமாவது இல்லையென்றால் வேறு என்னதான் மிஞ்சும்? வேலை நிரந்தரமில்லை, வருகிற மார்ச்சோடு முடிகிறது. ஒசாகாவின் வடகோடியில் ஒற்றை அறை வீடு, அதற்கு ஒரு ஜன்னல், அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனால் அவளிடம் ஹிபானா இருந்தது.

ஹிபானா ஆளும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு புரதம். ஜப்பானிய மொழியில் தீப்பொறி என்று பொருள். பெயர் வைத்தவள் சவாகோவேதான். பிறக்கும் முன்பே பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டாள் என்று அப்போதே கேலி பேசினார்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். ஒரே ஒரு முறை. ஒரு துண்டு விட்டுப்போனாலும் கேடு, ஒரு துண்டு இரண்டு தரம் நகலானாலும் கேடு. இந்த ஒழுங்கைச் செல் எப்படிக் காப்பாற்றுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் சவாகோவுக்கு மெய் சிலிர்க்கும். சைக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் ஏறும், இறங்கும். அது இறங்கியிருக்கும் வேளையில் டிஎன்ஏ இழை நெடுக மூடிய வளையங்கள் வந்து மாட்டிக்கொள்ளும். நகலெடுக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம், ஆனால் வேலை தொடங்காது. சைக்ளின் ஏறியதும் அதனோடு சேர்ந்த என்சைம் ஒன்று மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும். அந்த முத்திரை, மாட்டியிருக்கும் வளையங்களைத் திறந்து வேலையை ஆரம்பி என்கிறது. இனிமேல் புது வளையம் ஒன்றுகூட மாட்டாதே என்றும் அதுவே சொல்கிறது. திறக்கிற கையே பூட்டியும் விடுவதால் இரண்டாவது நகலுக்கு வழியே இல்லை. மூளையும் இல்லாமல் முதலாளியும் இல்லாமல் இத்தனை கட்டுப்பாடு. எந்த அரசாங்க அலுவலகத்தில் பார்க்க முடியும் இதை?

சரி, சைக்ளின் பக்கத்து முத்திரையை வாங்கிக்கொண்டு போய் வளையத்தைத் திறக்க வைப்பது யார்? தவளை முட்டையில் அது ஹிபானாதான் என்பது சவாகோவின் கட்சி. ஆறு வருடத்தையும் அந்த ஒரு கட்சியில்தான் கட்டியிருந்தாள்.

அவளுடைய சோதனையில் சுற்றிவளைத்தல் கிடையாது. மாலையில் தவளைக்கு ஊசி போட்டால் காலையில் தொட்டி நிறைய முட்டை. மேலே உள்ள வழவழப்பைக் கரைத்துவிட்டுக் குழாயில் நிரப்பி இயந்திரத்தில் வேகமாகச் சுற்றினால் முட்டைகள் நசுங்கி அடுக்கடுக்காகப் பிரியும். மேலே கொழுப்பு, கீழே கறுப்பு வண்டல், நடுவில் தேன் நிறத்தில் சாறு. அந்தச் சாற்றில் டிஎன்ஏவைப் போட்டால் முட்டைக்குள் இருப்பதுபோலவே அது தானாக ஒரு முறை நகலெடுத்துவிட்டு நின்றுகொள்ளும். சவாகோ ஹிபானாவை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தூள் போன்ற சிறு மணிகளில் ஏற்றி, சாற்றில் கலக்கி, ஹிபானாவை மணிகளோடு வெளியே எடுத்துவிடுவாள். அவ்வளவுதான். நகலெடுப்பு நின்றுவிடும். வளையங்கள் மாட்டியபடியே கிடக்கும், ஒன்றும் திறக்காது.

அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினாள். பதில் கோடை விடுமுறை முடிந்ததும் வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்களும் கலந்து பேசிக்கொண்டதுபோல ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். எடுத்தால் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறோம். திருப்பிப் போட்டால் ஓட வேண்டாமா?

ஓட வேண்டும். அதுதான் நியாயம். வருட முடிவுக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் ஹிபானாவும் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு எங்கேயாவது மருந்துக் கம்பெனியில் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்க வேண்டியதுதான்.

சுத்தமான ஹிபானாவைத் தயாரித்துத் திருப்பிப் போட்டாள். ஓடவில்லை. புதிதாகத் தயாரித்துப் போட்டாள். அசையவில்லை. உப்பைக் குறைத்தாள், அளவைக் கூட்டினாள், தவளைகளை மாற்றினாள், பக்கத்து ஆய்வுக்கூடத்துத் தவளைகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். செப்டம்பர் போனது, அக்டோபரும் போனது. சாறு தேன் நிறத்தில் தேமே என்று கிடந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அன்சாய்.

அன்சாயும் சவாகோவும் ஒரே வருடம் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர்கள். முதல் வருடம் ஒரே குடையில் உணவகத்துக்குப் போனவர்கள். அதே வருடம் ஆளுக்கொரு புரதம் வாய்த்தது. அன்சாயுடையதன் பெயர் தொபிரா, அதாவது கதவு. டிஎன்ஏவின் பக்கத்தில் அது எப்போதும் காணப்படுவதால், நகலெடுப்பில் அதற்கு ஒரு பங்கு உண்டு என்று அன்சாய் சத்தியம் செய்தான். ஆனால் அவனுடைய ஆன்டிபாடி கொஞ்சம் சோம்பேறி. சாற்றிலிருந்து தொபிராவை முழுக்கப் பிடுங்கத் தெரியாது, பாதியை விட்டுவிடும். மிச்சமிருந்த பாதியை வைத்துக்கொண்டு சாறு வழக்கம்போல நகலெடுத்தது. அப்படியானால் தொபிரா தேவையில்லை என்றுதானே ஆகிறது? அவனாலும் வேறு சொல்ல முடியவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வாராந்தரக் கூட்டத்தில் அவன் அந்த வேலையைக் கைவிடுவதாகச் சொன்னபோது, சவாகோ எல்லோர் முன்னாலும், திறக்காத கதவுக்குக் கதவு என்று பெயர் வைத்ததுதான் தப்பு என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்சாயும் சிரித்தான். அதற்குப் பிறகு ஒரே குடையில் அவர்கள் போனதில்லை.

அன்சாய் அதே கூடத்தில் வேறு ஆராய்ச்சிக்கு மாறி, உதவிப் பேராசிரியர் பதவியும் வாங்கிவிட்டான். வாய் மட்டும் மாறவில்லை. தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து நிற்பான்.

"என்ன உனோ, உன் தீப்பொறி இன்னிக்காவது பத்திக்கிச்சா? இல்ல, கொட்டாவி விட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சா?"

"உன் கதவு மாதிரி துருப்பிடிச்சுப் போகல" என்பாள் சவாகோ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவனும் விடமாட்டான். ஹிபானா தனியா ஒண்ணும் கிழிக்காது என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போவான். அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. எரிச்சலூட்டத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வார்த்தை சவாகோவின் காதில் நாளெல்லாம் கொசுவாக ரீங்காரம் போடும்.

ஆய்வுக்கூடத்தின் தலைவி குராமொச்சி சென்செய், அதாவது குராமொச்சி ஆசிரியை. அறுபதை நெருங்கும் பெண்மணி. யாரையும் பாராட்டாதவர். பாராட்டுக்குப் பதிலாக அவர் கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தேநீர்க் கெண்டி இருக்கும் அலமாரிக்கு மேலே, சுவரில் சட்டம் போட்டு எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளை மாட்டியிருப்பார். கூடத்தில் யாராவது உலகில் முதன்முறையாக ஒன்றைக் கண்டுவிட்டால், அதைக் காட்டிய ஃபிலிம் அங்கே ஏறும். அடியில் கண்டவர் தன் கையால் பெயர் எழுத வேண்டும். கடைசியாக ஏறிய ஃபிலிமின் ஓரம் மஞ்சளாகிவிட்டது. சவாகோ தண்ணீர் கொதிக்கும் நேரமெல்லாம் அந்தச் சுவரில் காலியாக இருக்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே தன் பெயர் எந்த அளவில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

நவம்பர் பிறந்ததும் சென்செய் அவளைக் கூப்பிட்டு ஒரு சந்தேகத்தைச் சொன்னார். மணிகளில் ஏற்றிய ஆன்டிபாடி கொஞ்சம் கழன்று சாற்றிலேயே தங்கிவிடுகிறதோ என்னவோ. அப்படித் தங்கினால் அவள் திருப்பிப் போடுகிற ஹிபானாவையும் அது பிடித்து மடக்கிவிடுமே. ஆன்டிபாடியை மணிகளோடு ரசாயனம் போட்டு ஒட்டிவிட்டுச் செய்து பார்க்கச் சொன்னார்.

நல்ல யோசனை. சவாகோ அப்படியே செய்தாள். பலன் மட்டும் இல்லை, இந்தத் தடவையும் சாறு ஓடவில்லை. ஆன்டிபாடி உண்மையிலேயே ஒட்டியிருந்ததா என்று சரிபார்க்க, பயன்படுத்திய மணிகளைக் கொதிக்க வைத்து, வந்ததை ஜெல்லில் ஓட்டினாள். ஜெல்லில் புரதங்கள் எடைவாரியாகக் கோடு கோடாகப் பிரியும். கனமானது மேலே, லேசானது கீழே.

அந்த ஆய்வுக்கூடத்தில் யார் ஜெல் ஓட்டினாலும் நடுவில் ஒரு தடித்த கோடு வரும். ஆன்டிபாடி கொதியில் இரண்டாகப் பிரிந்து, பெரிய துண்டு நடுவிலும் சின்னத் துண்டு கீழேயும் இரண்டு கோடுகளாக விழும். பெரிய துண்டின் கோடு கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஆர்வமாக அதைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். அது நம்ம ஆன்டிபாடிதான், அதைப் பார்க்காதீங்க, பார்த்துப் பழகாதீங்க என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே சவாகோதான். தவளைச் சாற்றில் வேலை செய்கிறவர்கள் எல்லோருமே அந்தக் கோட்டைத் தாண்டிப் பார்க்கப் பழகியவர்கள். மூக்கு நம் கண்ணெதிரேதான் இருக்கிறது, யார் பார்க்கிறோம்?

ஆன்டிபாடி மணிகளோடு நன்றாக ஒட்டியிருந்தால் இரண்டு கோடுகளும் காணாமல் போயிருக்க வேண்டும். ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்தபோது தடித்த கோடு போயிருந்தது. ஆனால் அதே இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு மிச்சம் இருந்தது.

சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டிவிட்டு ஜெல்லைக் குப்பையில் போடப் போனாள். போடப் போனவளின் கை நின்றது. கீழே சின்னத் துண்டின் கோடு எங்கே? துளிகூட இல்லை. ஆன்டிபாடி கழன்றிருந்தால் பெரியதும் சின்னதும் சேர்ந்துதானே கழன்றிருக்க வேண்டும்? பெரியது மட்டும் எப்படி வரும்?

அப்படியானால் இந்த மெல்லிய கோடு ஆன்டிபாடியே இல்லை. இது வேறு யாரோ. ஹிபானாவின் கையைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடமும் மணிகளோடு வெளியே போய்க்கொண்டிருந்த யாரோ. தடித்த கோட்டின் பின்னால் ஒளிந்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படாமல் போன ஆள். ஹிபானாவை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரை எடுத்திருக்கிறாள், ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு ஏன் வேலை நடக்கவில்லை என்று மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கிறாள்.

சவாகோ நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. புதியவர்களுக்குப் பார்க்காதீங்க, பார்க்காதீங்க என்று பாடம் எடுத்தது நினைவுக்கு வந்து காது சூடானது. அதைவிட மோசமான இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த எடையில் ஒரு புரதத்தை அவளுக்குத் தெரியும். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். என் புரதம் இருக்க இடமில்லாமல் தடித்த கோட்டுக்கு அடியிலயே போய் உக்காந்திருக்கு, கண்ணாலயே பார்க்க முடியல என்று அன்சாய் ஒரு காலத்தில் வாரம் தவறாமல் புலம்புவான்.

தொபிரா. திறக்காத கதவு.

சந்தேகத்தைத் தீர்க்க வழி இருந்தது. அன்சாயின் ஆன்டிபாடி பிடுங்கத்தான் லாயக்கில்லை, அடையாளம் காட்ட நன்றாகவே காட்டும். திருப்பிப் போட்டுப் பார்க்கவோ சுத்தமான தொபிரா வேண்டும். புதிதாகத் தயாரிக்க நேரமில்லை. அது வளைந்து கொடுக்காத புரதம், அன்சாய்க்கே அதைத் தயாரிக்க ஆறேழு மாதம் ஆனது. அன்சாயிடம் போய்க் கேட்க வேண்டும். அவ்வளவுதான். எதிர் மேசை, நாலு எட்டில் போய்விடலாம். சவாகோவால் போக முடியவில்லை. எழுந்திருப்பாள், தண்ணீர் பிடிக்கப் போவதுபோலப் போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். ஒரு வாரம் இப்படியே ஓடியது. தவளைகளைவிடக் கஷ்டமாக இருந்தது இந்த வீம்பு.

அந்த வாரக் கடைசியில், ஆய்வுக்குப் பயன்பட்ட விலங்குகளுக்கான அஞ்சலி. வருடத்துக்கு ஒரு முறை, விலங்குக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் நினைவுக்கல்லின் முன்னால் எல்லோரும் கறுப்பு உடையில் கூடுவார்கள். எலிக்காரர்கள், மீன்காரர்கள், தவளைக்காரர்கள் என்று தனித்தனி வரிசை. ஆளுக்கொரு வெள்ளைச் செவ்வந்தி. இந்த வருடம் நன்றியுரை படிக்கும் முறை குராமொச்சி சென்செய்க்கு வந்திருந்தது. உங்களிடமிருந்து வாங்கியதை நாங்கள் வீணாக்கமாட்டோம் என்று, வழக்கமாக எல்லோரும் படிக்கும் வாக்கியத்தைத்தான் படித்தார். சவாகோ அதை ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறாள். இந்த முறை மட்டும் அது நேராக வந்து நெஞ்சில் குத்தியது. அக்டோபர் முழுக்க எத்தனை தொட்டி முட்டையைப் பிழிந்து கொட்டினாள்? இப்போது விடை தெரிந்தும், ஒருவனிடம் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறாளே?

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன் அன்சாய். அவனுடைய கறுப்புக் கோட்டின் தோளில் பூவிதழ் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அவனுடைய முதுகைப் பார்த்தே பேசினாள்.

"அன்சாய். உன் தொபிரா எனக்கு வேணும்."

அவன் திரும்பவில்லை. "எதுக்கு? இன்னொரு தடவை சிரிக்கவா?"

"ஹிபானாவோட சேர்ந்து அதுவும் வெளியே வருது. தடித்த கோட்டுக்குப் பின்னாடி இருந்திருக்கு. இத்தனை வருஷமா அதையும் சேர்த்துத்தான் குப்பையில போட்டுக்கிட்டிருந்தேன்."

அவன் முதுகு விறைத்தது தெரிந்தது. வரிசை ஓர் ஆள் நகர்ந்தது, இருவரும் நகர்ந்தார்கள்.

"அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு" என்றான் அன்சாய். "திறக்காத கதவை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அதற்கு மேல் பேச இடமில்லை. அவன் பூவை வைத்து, தலை குனிந்து, ஒதுங்கிப் போய்விட்டான். சவாகோ தன் பூவை வைத்துத் தலை குனிந்தாள். தவளைகளிடம் அவள் கேட்ட மன்னிப்பில் பாதி அன்சாய்க்குச் சேர வேண்டியது. அது அவனுக்குத்தான் தெரியாது.

மறுநாள் காலை அவள் வந்தபோது மேசை நடுவில் ஒரு ஐஸ் வாளி இருந்தது. ஐஸில் செருகியபடி விரல் நீளக் குழாய் ஒன்று. மூடியின் மேல் மை பாதி அழிந்த, கோணலான எழுத்து. அது அன்சாயின் எழுத்து. தேதி ஐந்து வருடம் பழையது. பக்கத்தில் அவனுடைய ஆன்டிபாடியும் இருந்தது. அன்சாய் எதிர் மேசையில் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணினி இன்னும் போடப்படவில்லை.

"கொஞ்சமாப் போடு" என்றான் திரையைப் பார்த்தபடியே. "அள்ளிக் கொட்டினா வேலை செய்யாது. அதுக்கும் கொஞ்சம் திமிர் உண்டு."

அவள் சரி என்றாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே கூச்சத்தில் நெளிந்திருப்பார்கள்.

அன்று மதியமே அவனுடைய ஆன்டிபாடி பதில் சொல்லிவிட்டது. மெல்லிய கோடு தொபிராதான். இனி மிச்சம் இருந்தது ஒரே கேள்வி.

அடுத்த முறை தவளைகள் முட்டையிட்டபோது அன்சாய் தானாகவே எழுந்து வந்து, கையுறை மாட்டி, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டான். யாரும் கூப்பிடவில்லை. சாற்றை எடுத்தார்கள். ஹிபானாவையும் அதன் கூட்டாளியையும் மணிகளோடு வெளியேற்றினார்கள். வெறும் சாற்றை நான்கு குழாய்களில் பங்கிட்டார்கள். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் ஹிபானா மட்டும். ஒன்றில் தொபிரா மட்டும். கடைசிக் குழாயில் இரண்டும். எல்லாவற்றிலும் டிஎன்ஏவும், புது நகலில் போய் ஒட்டிக்கொண்டு ஃபிலிமைக் கறுக்க வைக்கிற கதிரியக்கத் துணுக்கும் போட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். ஜெல்லில் ஓட்டினார்கள். ஃபிலிமை வைத்தார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் அன்சாய் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அதுதான் சவாகோவுக்குப் பயமாக இருந்தது.

இருட்டறைக்குள் ஃபிலிமைக் கழுவ அவள்தான் போனாள். சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் ஃபிலிம் மிதந்தது. முதல் இடம் வெறுமை. இரண்டாவது வெறுமை. அவளுடைய ஹிபானா, அவள் பெயர் வைத்த, அவள் ஆறு வருடம் வளர்த்த ஹிபானா, தனியாக வெறுமையாகத்தான் நின்றது. மூன்றாவதும் வெறுமை. நான்காவது இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ கிளம்பியது. அவள் தட்டின் மேல் குனிந்தாள். சாம்பல் கறுத்தது, கறுத்தது, பிறகு நன்றாகவே கறுத்துக் கெட்டியானது. டிஎன்ஏ நகலாகியிருந்தது. கதவைத் தட்டவும் ஆள் வேண்டும், திறக்கவும் ஆள் வேண்டும். சைக்ளின் பக்கத்திலிருந்து முத்திரை வந்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டு போய்த்தான் வளையத்தைத் திறக்கின்றன. இந்த உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை, ஒரு சின்ன இருட்டறையில், புளிப்பு வாடைக்கு நடுவில் நின்று தான் பார்க்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. பெருமையாக இருந்தது. தான் நினைத்தது பாதிதான் சரி என்பதுகூட அந்தப் பெருமையைக் குறைக்கவில்லை.

சொட்டச் சொட்ட ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அன்சாயிடம் நீட்டினாள். அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நீ சொன்னது சரி" என்றாள் சவாகோ. "ஹிபானா தனியா ஒண்ணும் கிழிக்காது."

"நான் சும்மா சொன்னது அது" என்றான். ஃபிலிமை அவன் திருப்பித் தரவேயில்லை, அவளே போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்காவது இடம் கறுத்தது. கட்டுரையைத் திருத்தி அனுப்பினார்கள். வருடக் கடைசிப் பெரிய துப்புரவு நாளன்று காலையில், ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. மார்ச்சுக்குப் பிறகு என்ன என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. இரண்டு ஊர்களிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

துப்புரவு நாள் என்றால் அந்தக் கூடத்தில் முக்கியமானது உறைபெட்டிதான். மைனஸ் எண்பது டிகிரி. கதவைத் திறந்து வைத்து, தடித்த கையுறையோடு பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பனியைச் சுரண்டி, இது யாருடையது, இன்னும் தேவையா என்று கூவிக் கேட்பார்கள். தேவையில்லாதது அங்கேயே குப்பைக்குப் போகும். இடத்துக்கு அவ்வளவு கிராக்கி. சென்செய் இதில் ஈவிரக்கம் காட்டமாட்டார். கூப்பிட்டு மூன்று தரம் பதில் வராவிட்டால் தன்னுடையதைக்கூடத் தூக்கிப் போடுவார்.

மாலையில் எல்லாம் கழுவி முடித்து, முழங்காலுக்கு மேல் சுருட்டிய கால்சட்டையோடு எல்லோரும் தேநீர் அலமாரி முன்னால் கூடியிருந்தபோது, சென்செய் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளே அந்த முதல் ஃபிலிம். மூன்று வெறுமை, ஒரு கறுப்பு. தானே ஸ்டூலில் ஏறிச் சுவரில் மாட்டினார். இறங்கி, மார்பில் கைகட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைச் சவாகோவிடம் கொடுத்தார்.

"கோணல் மாணலா எழுதாதே. ரொம்ப நாள் இருக்கப்போறது."

அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் அப்படியொரு பாராட்டைக் கேட்டதில்லை. சவாகோ ஸ்டூலில் ஏறினாள். எந்த அளவில் எழுத வேண்டும் என்று வருடக்கணக்கில் யோசித்து வைத்திருந்தாளே, அதில் பாதி அளவில் எழுதினாள். பக்கத்தில் இடம் விட்டாள். இறங்கி வந்து பேனாவை அன்சாயிடம் நீட்டினாள்.

அன்சாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேண்டாம். அது உன் ஃபிலிம். நான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே அதைத் தூக்கிப் போட்டவன்."

கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போதும் அங்கே இருந்தார்கள். சவாகோ குரலைத் தாழ்த்தவில்லை.

"தூக்கிப் போடல. ஒவ்வொரு வருஷமும் இதே நாள்ல உறைபெட்டியைத் திறப்போம். கீழ்த்தட்டுல ஒரு சின்னப் பெட்டி வரும். இது யாரோடதுன்னு கேப்பாங்க. நீ பதிலே சொல்லமாட்டே. ஆனா, மூணாவது தடவை கேக்குறதுக்குள்ள பேசாம வந்து அதை வாங்கி, திரும்ப உள்ள வச்சுட்டுப் போயிடுவே. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அன்சாய். எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு வருஷம்கூட நான் கேக்கல."

அன்சாய் காது நுனி வரை சிவந்திருந்தான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குளிர்காலம்தானே, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சென்செய் மட்டும் தேநீர்க் கெண்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஏதோ இருப்பதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவன் கைகளைப் பிரித்துப் பேனாவை வாங்கினான். ஸ்டூலில் ஏறி, அவள் விட்டிருந்த இடத்தில், அந்தக் குழாயின் மூடியில் எழுதியிருந்த அதே கோணல் எழுத்தில் தன் பெயரை எழுதினான்.